கிம் யூனா பேசிய ஆங்கிலம்

ஆங்கிலத்தில் செமினார் என்றாலே நடுங்கும் நண்பர்களே, இந்த வரலாறு உங்களுக்குத்தான்!

2011 ஜூலை 6, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம். 2018 குளிர்கால ஒலிம்பிக் எந்த ஊருக்கு என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி ஓட்டுப் போடும் நாள். தென்கொரியாவின் பியோங்சாங் அதற்கு முன் இரண்டு முறை மயிரிழையில் தோற்றிருந்தது. 2003-ல் வான்கூவரிடம் 53-56, 2007-ல் சோச்சியிடம் 47-51.

மூன்றாவது முயற்சியில் கொரியாவுக்காகப் பேசியவர்களில் ஒருவர் கிம் யூனா. வயது 20. 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் ஃபிகர் ஸ்கேட்டிங் தங்கம் வென்றவர். பனித்தரை பழகியது; அந்தச் சபை புதிது. தாய்மொழி கொரியன், பேச வேண்டியதோ ஆங்கிலம்.

பியோங்சாங் கனவு காணத் தொடங்கியபோது நான் சியோலில் ஸ்கேட்டிங் பழகும் சின்னப் பெண் என்றார். குளிர்கால விளையாட்டை வளர்க்க என் நாடு எடுத்த முயற்சிக்கு நானே சாட்சி என்றார்.

முதல் சுற்றிலேயே முடிவு வந்துவிட்டது. பியோங்சாங் 63, மியூனிக் 25, அன்னசி 7. யூனா அழுதுவிட்டார்.

ஒரு பேச்சால் மட்டும் 63 ஓட்டு விழாது. பின்னால் பத்து வருட உழைப்பு இருந்தது. ஆனால் அந்த உழைப்பின் பலனை, 'இதோ நான்' என்று காட்ட அவரால் முடிந்தது. அதற்கு அலங்கார ஆங்கிலம் தேவைப்படவில்லை. சொல்வதற்குச் சொந்தமாக ஒரு விஷயம் இருந்தது, அவ்வளவுதான்.

2018 பிப்ரவரி 9 அன்று பியோங்சாங்கில் ஒலிம்பிக் ஜோதியை ஏற்றியவரும் அவரே!