வேங்கடராமனின் ஆராய்ச்சியும் மேற்கோட் கணக்கும்

அறிஞர் ஒருவரின் ஆக்கத்தை மதிப்பிடுங்கால், அவர் எத்துணைக் கட்டுரைகளை வெளியிட்டார், அவற்றைப் பிறர் எத்துணை முறை எடுத்தாண்டனர் என்று எண்ணிப் பார்க்கும் வழக்கம் விஞ்ஞான உலகில் இன்று வேரூன்றிவிட்டது. இதற்கு வழிவகுத்தவர் அமெரிக்கரான யூஜின் காபீல்ட் ஆவர். அவர் 1955 ஆம் ஆண்டில் முன்மொழிந்த திட்டம், 1960களில் விஞ்ஞான மேற்கோட் சுட்டி என்னும் பெருந்தொகுப்பாக உருப்பெற்றது. 2005 இல் ஹிர்ஷ் என்னும் பௌதிக அறிஞர், ஒருவரின் ஆராய்ச்சி முழுவதையும் ஓர் எண்ணிலே காட்டும் முறையொன்றை வகுத்தார். இருபது கட்டுரைகள் ஒவ்வொன்றும் இருபது முறைக்குக் குறையாது எடுத்தாளப்பட்டிருப்பின், அவர்தம் எண் இருபது ஆகும். ஓர் இரசாயன அறிஞரின் உழைப்பு முழுவதும் இவ்வெண்ணுள் அடங்குமோ? சேதன இரசாயனத்தில் புகழ்பெற்ற கிருஷ்ணசாமி வேங்கடராமனின் வரலாறு இவ்வினாவுக்குத் தக்க விடை பகர்கின்றது.

வேங்கடராமன் 1901 இல் சென்னையிற் பிறந்தவர். மாநிலக் கல்லூரியிற் பயின்றபின் இங்கிலாந்து சென்று, 1947 இல் நோபெல் பரிசு பெற்ற றொபேட் றொபின்சனின்கீழ் மான்செஸ்ரரில் ஆராய்ச்சி செய்தார். தாயகம் மீண்டு, லாகூர் போர்மன் கிறித்தவக் கல்லூரியிலும், பின்னர் பம்பாய்ப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். 1957 இல் புனாவிலுள்ள தேசிய இரசாயன ஆய்வுகூடத்தின் முதல் இந்தியப் பணிப்பாளராகி, 1966 வரை அப்பதவியை வகித்தார். 1981 இல் மறைந்தார்.

அவரது பெயரை நிலைநிறுத்திய ஆராய்ச்சி லாகூரிலே நிகழ்ந்தது. தாவரங்களிற் காணப்படும் மஞ்சள் நிறப்பொருள்கள் பலவற்றுக்குப் பிளேவோன் என்னும் அமைப்பே அடிப்படையாகும். ஐரோப்பியர் பண்டு துணிக்குச் சாயமேற்றப் பயன்படுத்திய லூற்றியோலின் இவ்வினத்தது. இவ்வமைப்பை ஆய்வுகூடத்தில் ஆக்கும் வழியொன்று அங்கு தெளிவாயிற்று. ஐதரொட்சி அசற்றோபீனோனின் எசுத்தரைக் காரத்துடன் சேர்க்குமிடத்து, ஒட்சிசனுடன் பிணைந்திருந்த ஏசைல் கூட்டம் அதனை விட்டு நீங்கி, அதே மூலக்கூற்றிலுள்ள காபன் அணுவைச் சென்றடைகின்றது. இவ்வாறு தோன்றும் இருகீற்றோனை அமிலத்துடன் வெப்பமாக்க, நீர் நீங்கி வளையம் மூடிப் பிளேவோன் உண்டாகின்றது. மகால் என்பாருடன் சேர்ந்து வேங்கடராமன் இதனை 1933, 1934 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டார். இங்கிலாந்தில் வில்சன் பேக்கரும் 1933 இல் இதனைத் தனித்து வெளியிட்டமையால், இது பேக்கர்-வேங்கடராமன் மீளொழுங்காக்கம் எனப் பெயர் பெற்றது.

இக்கட்டுரையை மேற்கோட் கணக்கு எவ்வாறு நோக்குகின்றது என்பது கருதத்தக்கது. அச்சில் வந்த பழைய சுட்டியில், எடுத்தாளப்பட்ட கட்டுரை முதலாசிரியர் பெயரின்கீழ் மாத்திரமே இடம்பெற்றது. 1934 ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதலாசிரியர் மகால் ஆதலின், வேங்கடராமன் என்ற பெயரின்கீழ் அதனைத் தேடுவோர் காணார். தாக்கத்தின் பெயரிலோ வேங்கடராமன் உளர், மகால் இலர். கணக்கு ஒருவரை மறைத்தது. புகழ் மற்றவரை மறைத்தது. இருவர் கூடிச் செய்த வேலையை இரண்டில் எதுவும் முழுமையாகக் கூறவில்லை.

மற்றுமொரு குறையும் உண்டு. ஒரு கண்டுபிடிப்புப் பாடநூலில் இடம்பெற்று, மாணவர் அனைவரும் அறிந்த பொதுச்சொத்தாகியவிடத்து, அதனைக் கையாள்வோர் பெயரை மட்டுங் கூறி மூலக்கட்டுரையைக் குறிப்பிடாது விடுதல் இயல்பு. ஆகவே, ஒரு கட்டுரை மிக ஆழமாக வேரூன்றுமாயின், அதன் மேற்கோள் எண்ணிக்கை பெருகாது குறைதலுங் கூடும்.

நூல்களின் நிலை இன்னும் வேறாகும். வேங்கடராமனின் "செயற்கைச் சாயங்களின் இரசாயனம்" என்னும் பெருநூலின் முதலிரு தொகுதிகள் 1952 இல் வெளிவந்தன. உருசிய மொழியிலும் அவை பெயர்க்கப்பட்டன. மூன்றாந் தொகுதி 1970 இல் வெளிவந்தது. அதிலிருந்து பலர் எழுதிய பகுதிகளைத் தொகுத்து, எட்டாந் தொகுதியை 1978 இல் நிறைவு செய்தார். சாயத்தொழிலின் அறிவு பெரும்பாலும் காப்புரிமைப் பத்திரங்களிலும் தொழிற்சாலை அறிக்கைகளிலும் சிதறிக்கிடந்தது. அதனை ஒழுங்குபடுத்தி ஒரு துறையாக்கித் தந்தமை இந்நூலின் சிறப்பாகும். தொழிற்சாலையில் இதனைத் துணைக்கொண்டு சாயம் ஆக்குவோன் கட்டுரை எழுதுவதில்லை. எனவே அவன் பெற்ற பயன் எக்கணக்கிலும் ஏறுவதில்லை. இதழ்க்கட்டுரைகளை மாத்திரம் அடிப்படையாகக் கொண்ட எண், அவர்தம் வாழ்நாளின் பெரும்பணியொன்றைப் புறத்தே நிறுத்திவிடுகின்றது.

இதனால் மேற்கோட் சுட்டி பயனற்றதென்று கொள்ளற்க. ஒரு கட்டுரை வெளிவந்தபின் அதனைப் பின்வந்தோர் ஏற்றனரா, மறுத்தனரா, திருத்தினரா என்று ஆய்வாளன் அறிந்துகொள்ளுதற்கே காபீல்ட் அதனை முதலிற் கருதினார். அந்நோக்கிற் கொள்ளுமிடத்து அது சிறந்த வழிகாட்டியாகும். மனிதரை வரிசைப்படுத்தும் துலாக்கோலாக அதனை ஆக்கியவிடத்தே பிழை புகுந்தது. பதவியும் பொருளுதவியும் அவ்வெண்ணைக்கொண்டு வழங்கப்படும் இக்காலத்தில், ஒரு தாக்கத்தையும் எட்டுத் தொகுதிகளையும் விட்டுச்சென்ற வேங்கடராமனின் வாழ்வு நமக்கு உணர்த்துவது ஒன்றுண்டு: எண்ணிப் பார்ப்பதற்கு முன் எடுத்துப் படித்தல் வேண்டும்.