இடிந்த ஊரை என்ன செய்வது? ஜிபெல்லினாவின் வெள்ளைச் சீமெந்து

பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில் விரிவுரையாளர் ஒருவர் திரையில் ஒரு புகைப்படத்தைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டார். பச்சை மலைச்சரிவு ஒன்றில் பெரிய வெள்ளைப் போர்வை விரித்ததுபோல் ஏதோ இருந்தது. அதன் மேல் வளைந்தும் நெளிந்தும் கோடுகள் ஓடின. கைவிடப்பட்ட கற்குவாரி என்றார் ஒருவர். வற்றிய குளம் என்றேன் நான். வன்னியில் வளர்ந்தவளுக்கு அப்படித்தான் தோன்றும். மாரி பொய்த்த ஆண்டுகளில் குளத்தின் அடிச்சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அது ஓர் ஊர் என்றார் விரிவுரையாளர். இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள ஜிபெல்லினா என்ற ஊர். பூமியதிர்ச்சியில் அழிந்த அந்த ஊரின் இடிபாடுகளை ஓவியர் ஒருவர் வெள்ளைச் சீமெந்தால் மூடிவிட்டார். உலகின் மிகப் பெரிய அரூபக் கலைப் படைப்புகளில் ஒன்றாக இன்று அது பேசப்படுகிறது.

அந்தப் படம் என்னை விட்டுப் போகவில்லை. அப்போது நாங்கள் ஊருக்குத் திரும்பி அதிக காலம் ஆகியிருக்கவில்லை. எங்கள் வீடு இருந்த இடத்தை அம்மா கிணற்றை வைத்துத்தான் கண்டுபிடித்தார். இடிபாட்டை அள்ளுவதா, அதன் மேலேயே கட்டுவதா, அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் கொட்டில் போடுவதா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஜிபெல்லினா மக்களுக்கும் இதே கேள்வி இருந்தது. அவர்களுடைய கதையை எங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அன்றே நினைத்திருந்தேன்.

பூமி ஏன் அதிர்கிறது?

பூமியின் மேலோடு ஒரே துண்டாக இல்லை. பல பெரிய தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது. அவை ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் அளவில், அதாவது நம் விரல் நகம் வளரும் வேகத்தில், நகர்கின்றன. இரண்டு தட்டுகள் சந்திக்கும் இடங்களில் பாறைகள் ஒன்றோடொன்று உராய்ந்து சிக்கிக்கொள்கின்றன. நகர்வு நிற்பதில்லை, சிக்கிய பாறை வளைந்து அழுத்தத்தைச் சேமிக்கிறது. தாங்கும் எல்லையைக் கடந்ததும் ஏற்கெனவே பலவீனமாக உள்ள பிளவு வழியே சடுதியாக வழுக்கி விடுபடுகிறது. பல ஆண்டுகளாகச் சேர்ந்த சக்தி சில விநாடிகளில் அலைகளாக வெளியேறுகிறது. அதுதான் பூமியதிர்ச்சி.

முதலில் வருவது முதன்மை அலை. அது வேகமானது, பாறையை முன்னும் பின்னுமாக அமுக்கிச் செல்லும். அடுத்து வரும் துணை அலை நிலத்தைப் பக்கவாட்டில் ஆட்டும். கட்டடங்களை அதிகம் வீழ்த்துவது இந்தப் பக்கவாட்டு ஆட்டமும், அதன் பின் நிலத்தின் மேற்பரப்பு வழியாக வரும் அலைகளும்தான். சுவர்கள் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கவே கட்டப்படுகின்றன. பக்கத்திலிருந்து வரும் தள்ளலைத் தாங்க அவற்றுக்குள் கம்பியோ வளையமோ இல்லாவிட்டால் அவை பிரிந்து விழும்.

பூமியதிர்ச்சியின் அளவு ஒரு புள்ளி கூடினால் வெளியாகும் சக்தி ஏறத்தாழ 32 மடங்கு கூடுகிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் ஏற்பட்ட அதிர்ச்சியின் அளவு 9.1. ஆயிரம் கிலோமீற்றருக்கும் அதிக நீளத்துக்கு கடல்தளம் பிளந்து, மேலே இருந்த கடல் நீரைத் தூக்கி எறிந்தது. இரண்டு மணிநேர அளவில் அந்த அலை எங்கள் கிழக்குக் கரையையும் முல்லைத்தீவையும் வந்தடைந்தது. இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று காலை எங்களில் பெரும்பாலானோர் நில அதிர்வை உணரவேயில்லை. பூமியதிர்ச்சி தொலைவில் நடந்தது. அதன் விளைவு வீட்டு வாசலுக்கு வந்தது.

சிசிலியில் நடந்தது இதனுடன் ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆனால் அது ஊர்களின் காலடியிலேயே நடந்தது.

1968 ஜனவரி, பெலிச்சே பள்ளத்தாக்கு

ஆபிரிக்கத் தட்டும் யூரேசியத் தட்டும் ஒன்றையொன்று நெருக்கும் எல்லையில் சிசிலி இருக்கிறது. அதன் மேற்குப் பகுதியில் உள்ள பெலிச்சே பள்ளத்தாக்கு விவசாயிகளின் நிலம். வறுமையால் இளைஞர்கள் வெளியூர்களுக்கு வேலை தேடிப் போய்க்கொண்டிருந்த இடம்.

1968 ஜனவரி 14 பிற்பகல் முதல் நிலம் அடுத்தடுத்து அதிர்ந்தது. பயந்த மக்கள் பலர் மாரிக் குளிரையும் பொருட்படுத்தாமல் அன்றிரவை வெளியில் கழித்தார்கள். 15ஆம் திகதி அதிகாலை 3 மணியளவில் பெரிய அதிர்ச்சி வந்தது. அளவு ஏறத்தாழ 6.4. ஜிபெல்லினா, பொஜ்ஜொரியாலே, சலபருத்தா, மொந்தெவாகோ ஆகிய நான்கு ஊர்கள் முற்றாக அழிந்தன. ஜனவரி 25 அன்று வந்த இன்னொரு வலுவான அதிர்வு எஞ்சிய சுவர்களையும் வீழ்த்தியது.

இறந்தோர் தொகை 200க்குச் சற்று மேல் என்பதிலிருந்து 400 வரை கணக்குக்குக் கணக்கு மாறுகிறது. முதல்நாள் அதிர்வுகள் மக்களை வெளியே கொண்டுவந்திராவிட்டால் இது பல மடங்காகியிருக்கும். வீடிழந்தவர்கள் ஒரு இலட்சம் அளவில்.

2004 அதிர்ச்சியின் சக்தியில் இது பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அப்படியிருந்தும் நான்கு ஊர்கள் ஏன் இல்லாமல் போயின? அதிர்ச்சியின் மையம் ஆழமற்றது. ஊர்களுக்கு மிக அருகில் இருந்தது. அதைவிட முக்கியமான காரணம் வீடுகள். ஒழுங்கற்ற கற்களை வலுவில்லாத சாந்தால் ஒட்டி, மேலே பாரமான கூரை போட்ட ஏழைகளின் வீடுகள், சரிவான நிலத்தில் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. பூமியதிர்ச்சி இயற்கையானது. ஆனால் யாருடைய வீடு விழும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது வறுமை.

கூடாரத்திலிருந்து தகரக் கொட்டிலுக்கு

இதற்குப் பின் நடந்ததை வாசித்தபோது எனக்கு மெனிக் பாம் முகாம் நினைவுக்கு வந்தது. முதலில் கூடாரங்கள், பின்னர் தற்காலிகக் கொட்டில்கள். தற்காலிகம் என்று சொல்லப்பட்ட அந்தக் கொட்டில்களில் மக்கள் பத்து ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார்கள். பணம் ஒதுக்கப்பட்டது. வாகனமில்லாத ஊர்களுக்குப் பெரும் வீதிகளும் பாலங்களும் வந்தன, வீடுகள் வரவில்லை.

மக்கள் சும்மா இருக்கவில்லை. உரோமுக்குச் சென்று பாராளுமன்றத்தின் முன் அமர்ந்தார்கள். இளைஞர்கள் கட்டாய இராணுவ சேவைக்குப் போக மறுத்து, அதற்குப் பதிலாகத் தம் ஊரைக் கட்டும் வேலையைத் தரும்படி கேட்டு அந்த உரிமையைப் பெற்றார்கள். 1970 மார்ச் 25 அன்று சமூகச் செயற்பாட்டாளர் தனிலோ தொல்சியும் தோழர்களும் பர்த்தினிக்கோ நகரில் அனுமதியற்ற வானொலி ஒன்றைத் தொடங்கி, பெலிச்சே மக்களின் நிலையை ஒலிபரப்பினார்கள். ஒரு நாளுக்குச் சற்று மேல் அது இயங்கியது. பின்னர் பொலிஸார் உள்ளே புகுந்து நிறுத்தினார்கள். அரச வானொலி மட்டுமே இருந்த நாட்டில் அகதிகளின் குரலுக்காக ஒருவர் சட்டத்தை மீறினார் என்பது என் தொழிலில் உள்ள எவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய செய்தி.

புதிய ஊரும் கலைஞர்களும்

புதிய ஜிபெல்லினா பழைய ஊரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தள்ளிச் சமவெளியில் கட்டப்பட்டது. பழைய ஊரின் ஒடுங்கிய படிக்கட்டு ஒழுங்கைகளில் வாசலில் அமர்ந்தபடியே அயலாருடன் பேசியவர்களுக்கு, அகன்ற வீதிகளும் தனித்தனி வீடுகளும் கிடைத்தன. மேயர் லுதோவிக்கோ கொர்ராவ் இத்தாலியின் புகழ்பெற்ற கலைஞர்களை அழைத்தார். பியெத்ரோ கொன்சாக்ரா ஊரின் நுழைவாயிலில் உருக்கினால் ஒரு பெரிய நட்சத்திரம் அமைத்தார். வீதிகள், சதுக்கங்கள் எங்கும் நவீன சிற்பங்கள் எழுந்தன. ஊரின் பெரிய தேவாலயத்தின் கூரை 1994இல் பூமியதிர்ச்சி எதுவுமின்றியே இடிந்து விழுந்தது.

வீடற்றவர்களுக்குச் சிற்பம் எதற்கு என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ரொட்டி எவ்வளவு அவசியமோ அவ்வளவு கலையும் அவசியம் என்பது கொர்ராவின் நிலைப்பாடு. அந்த ஊர் 2026ஆம் ஆண்டுக்கான இத்தாலியின் சமகாலக் கலைத் தலைநகராக அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அகன்ற வீதிகளில் ஆள் நடமாட்டம் குறைவு என்று அங்கு போனவர்கள் எழுதுகிறார்கள். இரண்டும் உண்மை.

சாக்குத் துணியில் தொடங்கியவர்

அழைக்கப்பட்டவர்களில் ஒருவர் அல்பேர்த்தோ புர்ரி. 1915இல் பிறந்த அவர் ஒரு வைத்தியர். இரண்டாம் உலகப் போரில் இராணுவ வைத்தியராக இருந்தபோது 1943இல் தூனிசியாவில் பிடிபட்டு, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள ஹியர்போர்ட் போர்க்கைதிகள் முகாமில் வைக்கப்பட்டார். அங்குதான் வரையத் தொடங்கினார். நாடு திரும்பிய பின் வைத்தியத் தொழிலுக்குப் போகவில்லை.

அரூபக் கலை என்பது மரத்தையோ மனிதரையோ பார்த்தபடி வரையாமல் நிறம், வடிவம், பொருள் ஆகியவற்றை மட்டும் கொண்டு பேசுவது. புர்ரி அதிலும் ஒரு படி தள்ளிப் போனார். கிழிந்த சாக்குகளைத் தைத்துச் சட்டத்தில் மாட்டினார். மரத்தையும் பிளாஸ்ரிக்கையும் நெருப்பால் சுட்டுப் படைப்பாக்கினார். அந்தத் தையல்களில் வைத்தியர் போட்ட காயத் தையலைப் பலர் கண்டார்கள். அவரோ தன் படைப்புகளுக்கு விளக்கம் சொல்வதைப் பெரும்பாலும் தவிர்த்தார்.

1970களில் அவர் 'கிரெத்தோ' என்ற வரிசையைச் செய்தார். வெடிப்பு என்று பொருள். வெள்ளைக் களியையும் பசையையும் கலந்து பலகையில் தடிப்பாகப் பூசி உலரவிடுவார். நீர் ஆவியாகக் கலவை சுருங்கும். பலகையுடன் ஒட்டியிருப்பதால் ஒரேயடியாகச் சுருங்க முடியாமல் வெடிக்கும். நான் பார்த்த குளத்தடிச் சேறு வெடிப்பதும் இதே முறையில்தான். பூமியதிர்ச்சிப் பிளவு வேறு வகை. அது காய்ந்து சுருங்குவதால் அல்ல, பாறைகள் நெருக்குண்டு வழுக்குவதால் வருகிறது. படத்தைப் பார்த்து 'வற்றிய குளம்' என்று நான் சொன்னது அவ்வளவு தவறில்லை என்று பின்னர்தான் புரிந்தது.

மூடப்பட்ட ஊர்

புதிய ஊரைச் சுற்றிப் பார்த்த புர்ரி, அங்கு தான் செய்ய எதுவுமில்லை என்று கூறிப் பழைய ஊரைக் காட்டும்படி கேட்டதாகச் சொல்லப்படுகிறது. இடிபாடுகளைப் பார்த்த பின் தன் திட்டத்தைச் சொன்னார். இடிபாடுகளைக் குவித்துக் கம்பி வலையால் கட்டி, மேலே வெள்ளைச் சீமெந்து ஊற்றுவது. ஒவ்வொரு பாளமும் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரம். நடுவே இரண்டு மூன்று மீற்றர் அகலத்தில் நடைபாதைகள். அவை பெருமளவு பழைய ஊரின் தெருக்களைப் பின்பற்றுகின்றன. அதாவது, மேலிருந்து வெடிப்பாகத் தெரிவது, உள்ளே நடப்பவருக்கு ஒழுங்கை.

வேலை 1984இல் தொடங்கி 1989இல் பணமின்றி நின்றது. புர்ரி 1995இல் இறந்தார். அவரது நூற்றாண்டான 2015இல்தான் மீதி முடிக்கப்பட்டது. மொத்தம் 8 ஹெக்டேயர் அளவு, அதாவது ஏறத்தாழ 20 ஏக்கர். பழைய பகுதி சாம்பல் நிறமாகிவிட்டது; புதிய பகுதி வெள்ளையாக இருக்கிறது. வெடிப்புகளில் புல்லும் செடியும் முளைக்கின்றன.

சிலருக்கு அது பிணத்தின் மேல் போர்த்திய வெள்ளைத் துணி. இன்னும் சிலருக்கு, இருந்த கடைசிச் சுவரையும் கதவு நிலையையும் பறித்துக்கொண்ட செயல். பக்கத்து ஊரான பொஜ்ஜொரியாலேயின் இடிபாடுகள் அப்படியே விடப்பட்டன. அங்கு போகும் ஒருவர் தன் பாட்டியின் வீட்டுப் படியைத் தொட்டுப் பார்க்கலாம்; ஆனால் அந்தச் சுவர்கள் ஆண்டுக்கு ஆண்டு உதிர்கின்றன. ஜிபெல்லினாவில் எதையும் தொட முடியாது. ஆனால் ஊரின் வடிவம் நிலைத்திருக்கிறது.

அம்மா கேட்டது

அண்மையில் இந்தப் படத்தை என் தொலைபேசியில் அம்மாவுக்குக் காட்டி, கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதில கிணறு எங்க பிள்ளை?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. தெருக்களை மிச்சம் வைத்த கலைஞர் வீடுகளை ஒரே பாளமாக்கிவிட்டார். தெருவைத் தெரிந்தவருக்கு ஊர் திரும்பக் கிடைக்கும். வீட்டைத் தேடுபவருக்குக் கிடைக்காது.

இந்தக் கதையை எங்கள் நிலத்தில் அப்படியே பொருத்த முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பூமியதிர்ச்சிக்குக் குற்றவாளி இல்லை. அங்கு இடிபாட்டை மூடுவதால் எவருடைய தவறும் பெரிதாக மறைவதில்லை. போரில் இடிந்த சுவர் நினைவுப்பொருள் மட்டுமல்ல, சாட்சியும்கூட. அதை மூடுவதற்கு முன் பதிவு செய்ய வேண்டும். இரண்டாவது, யார் முடிவெடுப்பது என்பது. ஜிபெல்லினாவில் மக்கள் தெரிவுசெய்த மேயர் முடிவெடுத்தார். அப்படியிருந்தும் முணுமுணுப்பு இருக்கிறது. இங்கு 2021 ஜனவரி 8 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டபோது எவரையும் கேட்கவில்லை. மாணவர்கள் போராடிய பின்னரே அது அதே இடத்தில் மீண்டும் எழுந்தது.

எங்கள் வீட்டு இடிபாட்டை முடிவில் நாங்கள் அள்ளிப் புதிய அத்திவாரத்துக்குப் போட்டோம். முன்படியை மட்டும் அம்மா அசைக்க விடவில்லை. புதிய வீட்டின் வாசல் வேறு பக்கம் இருக்கிறது. அந்தப் படி எங்கும் போகாமல் முற்றத்தில் கிடக்கிறது. பின்னேரங்களில் அம்மா அதில்தான் இருப்பார். அதைப் படம் எடுத்து, எந்தத் திசையைப் பார்த்திருந்தது, யார் கட்டியது என்று எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் காணியிலும் அப்படி ஏதாவது மிஞ்சியிருந்தால், அள்ளுவதற்கு முன் நீங்களும் எழுதி வையுங்கள்.