மின்னலுக்கும் இடிக்கும் நடுவே

கோடை மழைக்காலத்து மாலை வேளைகளில் ஏலகிரியின் கிழக்கு விளிம்பில் நிற்பவர், எதிரே ஜவ்வாது மலைத்தொடரின் மீது மின்னல் வெட்டுவதைத் தெளிவாகக் கண்டும், அதன் இடியைச் சில சமயம் நெடுநேரம் கழித்தே கேட்பதும், சில சமயம் கேளாமலே போவதும் உண்டு. ஒளி கணப்பொழுதில் வந்துவிட, சப்தமோ ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய மூன்று விநாடி எடுத்துக்கொள்கிறது. ஆகையால் இடைப்பட்ட விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் மின்னலின் தூரம் கிடைக்கும். இந்த எளிய கணக்குக்கு ஆதாரமான வேகத்தை, தமிழ்நாட்டு உஷ்ணத்திலும் ஈரக்காற்றிலுமே ஒருவர் பொறுமையோடு அளந்து பார்த்தார் என்பதைப் பலர் அறியார்.

அவர் ஜான் கோல்டிங்ஹாம். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ல் எழுந்த வானாய்வு நிலையத்தின் வானசாஸ்திரி. கிழக்கிந்தியக் கம்பெனியார் செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலும், பீரங்கிப் படை தங்கியிருந்த பரங்கிமலையிலும் காலையும் மாலையும் சுட்டுவந்த வேட்டுகள் ஊராருக்கு நேரம் அறிவித்தன. ஆனால் அவருக்கோ, நாள் தவறாமல் கிடைக்கும் செயற்கை மின்னலும் இடியுமாக அவை தோன்றின. வானாய்வு நிலையத்திலிருந்து கோட்டை இரண்டரை மைலுக்குச் சற்று மேலும், பரங்கிமலைப் பீரங்கி ஐந்தரை மைல் அளவிலும் இருந்தபடியால், தீப்பிழம்பு தெரிந்த கணத்துக்கும் ஓசை செவியில் விழுந்த கணத்துக்கும் இடையே முன்னதற்கு ஏறக்குறைய 12 விநாடியும் பின்னதற்கு 26 விநாடியும் சென்றன. 1820, 1821 ஆகிய ஆண்டுகளில் இவ்விடைவெளிகளைக் காலமானி கொண்டு குறித்து, கூடவே உஷ்ணமானி, பாரமானி, காற்றின் ஈரம், காற்று வீசும் திசை ஆகியவற்றையும் பதிந்து, 1823-ல் லண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டில் அவர் பிரசுரித்தார். குளிர்ந்த மாதங்களில் விநாடிக்கு 1,100 அடியை ஒட்டியிருந்த சப்தவேகம் ஜூலையில் 1,160 அடியையும் தாண்டியது. இங்கிலாந்தில் நூறாண்டுக்கு முன் வில்லியம் டெர்ஹாம் பாதிரியார் கண்ட 1,142 அடி என்ற ஒற்றை எண்ணைக் காட்டிலும், பருவத்தோடு அசையும் இந்த வரிசையே எனக்கு உயர்ந்த சாதனையாகத் தோன்றுகிறது. ஏனெனில் காற்றின் உஷ்ணம் ஏற ஏற ஓசையும் விரைவுபடும் என்ற உண்மையை அது மாதவாரியாக எடுத்துக் காட்டுகிறது.

அந்த வானாய்வுப் பணி 1899-ல் கொடைக்கானலுக்குப் பெயர்ந்தது. பின்னர் 1960-களில் வானசாஸ்திரி வைணு பாப்புவின் முயற்சியால் அதன் ஒரு கிளை ஜவ்வாது மலையின் காவலூரில் வேரூன்றியது. ஏலகிரியிலிருந்து நேர்க்கோட்டில் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது காவலூர். அங்கே விழும் மின்னலின் ஓசை இங்கு வந்து சேர ஒரு நிமிஷம் வேண்டும். அதற்குள், தரையருகே வெப்பமும் மேலே குளிர்ச்சியுமான காற்றில் சப்த அலைகள் மேல்நோக்கி வளைந்து, பெரும்பாலும் நம் தலைக்கு மேலாகவே சென்றுவிடுகின்றன. கண்ட மின்னலுக்கு இடி கேளாமல் போவதன் காரணம் இதுவே.

பருவத்தால் நேரும் வேறுபாடு நூற்றுக்கு ஐந்தாறு பங்குதான். எனவே மலைமீது நின்று எண்ணுவோருக்கு மூன்றால் வகுக்கும் கணக்கே போதும். ஆனால் எண்ணிக்கை முப்பதைத் தொடுமுன் இடி கேட்டுவிட்டால், மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று பொருள். அப்போது ஏரிக்கரையிலும் மரத்தடியிலும் நில்லாது வீட்டுக்குள் வந்துவிடுங்கள். கடைசி இடி ஓய்ந்து அரைமணி நேரம் ஆகும்வரை வெளியே செல்லாதீர்கள்.