தோட்டத்துச் சாலையில் சைக்கிள்

கோல குபு பாருவுக்கு அருகில் அம்பாங் பெச்சா என்று ஓர் ஊர் இருக்கிறது. மலாய் மொழியில் அம்பாங் என்றால் அணை. பெச்சா என்றால் உடைந்தது. 1883ஆம் ஆண்டில் அங்கிருந்த பழைய அணை உடைந்து, வெள்ளம் கோல குபு நகருக்குள் பாய்ந்தது. அதிகாரியாக இருந்த சிசில் ராங்கிங் உட்படப் பலர் மாண்டனர். பிற்காலத்திலும் ஈயச் சுரங்கங்களிலிருந்து வந்த மண் ஆற்றில் படிந்து, அந்நகரம் திரும்பத் திரும்ப வெள்ளத்துக்கு ஆளாயிற்று. ஆகவே வேறிடத்தில் புதிய நகரம் அமைத்தார்கள். 'பாரு' என்றால் புதியது. அணை உடைந்து 140 ஆண்டுகள் கடந்த பின்னும், அந்த ஊரின் பெயரே அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இன்று அந்த வட்டாரத்துக்கு வேறொரு சிறப்பும் உண்டு. விடுமுறை நாள் காலையில் அங்கே சென்றால், சைக்கிளோட்டிகள் கூட்டங்கூட்டமாகப் போவதைக் காணலாம். சிலர் பிரேசர் மலைக்கு ஏறுகிறார்கள். சிலர் மேடும் பள்ளமுமான கிராமத்துச் சாலைகளில், செம்பனை மரங்களுக்கு நடுவே செல்கிறார்கள். 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையடைந்தது. நெடுந்தூரம் போகும் லாரிகளும் பஸ்களும் பெரும்பாலும் அதில் ஓடத் தொடங்கின. பழைய சாலைகளில் நெரிசல் குறைந்தது. சைக்கிளுக்கு ஏற்ற அமைதி அங்கே கிடைக்கிறது.

அவர்கள் மகிழ்ச்சியாகப் போகட்டும். ஆனால் ஒன்றை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். நம் பாட்டன் காலத்தில் தோட்டத்துச் சாலையில் ஒரு தொழிலாளி சைக்கிளில் உட்கார்ந்து போவதே பெரிய வழக்காக இருந்தது. அதற்காக அவர்கள் வேலைநிறுத்தமும் செய்தார்கள். இன்று அந்தக் கதையைப் பார்ப்போம்.

சைக்கிளுக்கும் நமக்கும் உள்ள உறவு அதன் சக்கரத்தில் தொடங்குகிறது. அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் இருந்தார். தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட, காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சக்கரத்தில் பொருத்திப் பார்த்தார். 1888இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சைக்கிள் மோகம் பரவியது. ரப்பருக்குக் கிராக்கி ஏறியது. மோட்டார் வண்டிகள் பெருகியது அதற்குப் பிறகுதான்.

அதே 1888ஆம் ஆண்டில்தான் ரிட்லி என்பவர் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்றார். 1877இல் அங்கு வந்து சேர்ந்த 22 ரப்பர்க் கன்றுகளின் சந்ததியை வைத்து, மரம் சாகாமல் நாள்தோறும் பால் வெட்டும் முறையை அவர் வகுத்தார். பிறகு மலாயாவின் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. பால் வெட்டுவதற்குத் தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் கங்காணிகள் மூலம் அழைத்துவரப்பட்டனர். உலகம் சைக்கிளில் சுகமாகப் போக, நம்மவர் இருட்டோடு எழுந்து, பிரட்டுக்கு நின்று, வாளி சுமந்து நடந்தார்கள்.

தோட்டத்துச் செம்மண் சாலைகளை எதற்காகப் போட்டார்கள்? பாலும் ரப்பர்த் தாளும் பட்டணம் போய்ச் சேருவதற்காக. காட்டை வெட்டி, மண்ணைக் கொட்டி, மேட்டைச் சமன் செய்த கைகளில் தமிழர் கைகள் ஏராளம். ஆனால் அந்தச் சாலை கம்பெனியின் சொத்து. உறவினர் ஒருவர் லயத்துக்கு வந்துபோக வேண்டுமானாலும் நிர்வாகத்தின் தயவு வேண்டியிருந்தது.

அக்காலக் கூலியையும் அறிந்துகொள்வது நல்லது. 1920களின் கடைசியில் முக்கிய வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று கூலி நிர்ணயிக்கப்பட்டிருந்தது. ரப்பர் விலை சரிந்ததும், 1930இல் அதை 40 காசாகவும் 32 காசாகவும் குறைத்தார்கள். அந்தக் கூலியில் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி ஒருவர் சைக்கிள் வாங்கினால், அது அவருக்கு எவ்வளவு பெரிய சொத்து! பட்டணத்துக் கடை, ஆஸ்பத்திரி, பக்கத்துத் தோட்டத்து உறவு எல்லாம் அதனால் அவருக்குப் பக்கமாயின.

அப்படிப்பட்ட சைக்கிளில் அவர் போகும்போது, எதிரே வெள்ளைக்காரத் துரையோ, கிராணி போன்ற அலுவலரோ வந்தால் உடனே கீழே இறங்கி நிற்க வேண்டும். பின்னால் அரிசி மூட்டை இருந்தாலும், முன்னால் பிள்ளை உட்கார்ந்திருந்தாலும் இறங்கத்தான் வேண்டும். இதே போன்ற வழக்கத்தை நம்மில் பலர் ஊரிலேயே கண்டவர்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் மேல்சாதியார் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கும்படி ஒடுக்கப்பட்ட மக்களை வைத்திருந்தார்கள் அல்லவா? கடல் கடந்து வந்தும் அந்தத் தலைகுனிவு வேறு வடிவத்தில் தொடர்ந்தது.

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் அதன் பின்னே நின்றது. 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அதன் தலைவர்களில் முக்கியமானவர். தொழிலாளர் வைத்த கோரிக்கைகளை இன்று படித்தாலும் மனம் நெகிழும். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும். பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி வேண்டும். முறையான மருத்துவ வசதி வேண்டும். பெண்களிடம் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். உறவினர் தடையின்றி வந்துபோக வேண்டும். சங்கம் அமைக்கும் உரிமை வேண்டும். இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரைமாரையும் அலுவலரையும் கண்டு சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

கூலிக்கும் பள்ளிக்கும் நடுவே இந்தச் சைக்கிள் ஏன் வந்தது என்று சிலர் நினைக்கலாம். குறைந்த கூலி சம்பள நாளில் கண்ணீரை வரவழைக்கும். வழியில் இறங்கி நிற்கும் அவமானமோ நாள்தோறும் வரும்; பெண்டாட்டி பிள்ளைகள் பார்க்கும்படி வரும். தானும் மற்றவரைப் போல ஒரு மனிதன்தான் என்று சொல்லவே அந்தக் கோரிக்கை எழுந்தது.

மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அதனால் கொதிப்பு கூடியது. வேலைநிறுத்தம் கோல சிலாங்கூர் உட்படப் பிற வட்டாரங்களுக்கும் பரவியது. சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது, இராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் அடக்கப்பட்டது.

ஆனால் காலம் விரைவாக மாறியது. அதே ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. ஜப்பானிய வீரர்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளிலேயே தெற்கு நோக்கி வந்தார்கள். பெருஞ்சாலை அடைபட்ட இடங்களில் தோட்டத்துக் குறுக்குப் பாதைகளையும் பயன்படுத்தினார்கள். 1942 ஜனவரி 7ஆம் நாள் தஞ்சோங் மாலிமுக்கு வடக்கே சிலிம் ஆற்றுப் போரில் பிரிட்டிஷ் படை சிதறியது. 11ஆம் நாள் கோலாலம்பூர் விழுந்தது. இறங்கி நில் என்று உத்தரவிட்ட ஆட்சி தானே இறங்கிப் போயிற்று. ஆயினும் வந்தவர்கள் விடுதலை கொண்டுவரவில்லை. சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் பேரை இழுத்துச் சென்றார்கள். பலர் திரும்பவே இல்லை.

போர் முடிந்ததும் தொழிற்சங்கங்கள் எழுந்தன. 1954இல் பல சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. சைக்கிளும் லயத்து வாழ்வின் அங்கமாயிற்று. பிள்ளைகள் அதில் பள்ளிக்குப் போனார்கள். பெரியவர்கள் அதில் சங்கக் கூட்டத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் போனார்கள். பின்னர் மோட்டார் சைக்கிள் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் இடிக்கப்பட்டன, மக்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

உடைந்த அணையை நினைவூட்ட அம்பாங் பெச்சா என்ற பெயர் இருக்கிறது. ஆனால் சைக்கிளிலிருந்து இறங்க மறுத்தவர்களை நினைவூட்டத் தோட்டத்துச் சாலைகளுக்குப் பெயர் இல்லை. ஆதலால் அதை நாம்தான் வாய்வழியாகச் சொல்லி வைக்க வேண்டும். வீட்டில் பாட்டனோ பாட்டியோ இருந்தால், அந்தக் காலத்தில் யாரைக் கண்டு யார் இறங்கினார்கள் என்று கேளுங்கள். உங்கள் பிள்ளை சைக்கிள் பழகும்போது, விழாமல் ஓட்டக் கற்றுக்கொடுங்கள். தலை நிமிர்ந்து ஓட்டும் அந்த உரிமைக்காக 1941இல் நம் எளிய மக்கள் வேலையை விட்டு நின்றார்கள் என்பதையும் கூடவே சொல்லிக்கொடுங்கள்.