பாளையக்காரரின் தலையும் புஷ்பாவின் சேலையும்

2024 டிசம்பரில் வெளியான 'புஷ்பா 2' படத்தில் அல்லு அர்ஜுன் உடலெங்கும் நீலம் பூசி, சேலை உடுத்தி ஆடும் காட்சியைத் தமிழகத்திலும் பலர் கண்டிருப்பர். சித்தூர் வட்டாரத் தெலுங்கு பேசும் அப்படம் அக்காட்சிக்கு எடுத்துக்கொண்டது திருப்பதி தாத்தய்யகுண்ட கங்கம்மாவின் ஜாத்திரையை. திருமலைப் பெருமாளின் தங்கையாகக் கருதப்படும் இவ்வம்மனுக்கு ஆண்டுதோறும் மே மாதத்தில் ஒரு வாரம் விழா நடைபெறுகிறது.

விழாவின் அடிப்படை ஒரு கதை. அவ்வூரை ஆண்ட பாளெகாடு ஒருவன் கண்ணில் பட்ட பெண்களையெல்லாம் கவர்ந்து சீரழித்தான். திருப்பதியை அடுத்த அவிலாலாவில் வளர்ந்த கங்கம்மாவையும் அவன் நெருங்க, அவள் தன் பேருருவைக் காட்டினாள். அஞ்சி ஓடி ஒளிந்தவனைப் பைராகி, பண்டா, தோட்டி என வேடம் மாற்றி மாற்றித் தேடினாள். இறுதியில் தொர வேடம் பூண்டாள். தொர என்பது நம் துரைதான். தன் தலைவனே வந்திருப்பதாக எண்ணி வெளிவந்தவனின் தலையை அவள் கொய்தாள்.

இவ்வேடங்களை இன்றும் மரபுரிமையாகத் தாங்குவோர் கைகாலக் குடும்பத்து ஆண்கள். தமிழகத்தில் கைக்கோளர், செங்குந்தர் என நாம் அறியும் நெசவுச் சமூகத்தின் ஆந்திரப் பெயரே கைகால. ஊர் ஆண்களும் நேர்த்திக்கடனாகச் சேலை உடுத்திச் சடைபின்னிப் பூச்சூடி வருகின்றனர். 1990களில் இவ்விழாவைக் களத்தில் ஆராயத் தொடங்கிய ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் 2013இல் வெளியிட்ட நூலுக்கு 'உலகம் பெண்ணாகும்போது' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் தலைப்பிட்டார். விழாவின் உட்பொருளை அத்தலைப்பே உரைத்துவிடுகிறது.

வரலாற்று மாணவர்கள் கருத வேண்டிய ஒன்று உண்டு. பாளெகாடு என்பது பாளையக்காரரைக் குறிக்கும் தெலுங்குச் சொல். தமிழ் நினைவில் பாளையக்காரர் என்றதும் கட்டபொம்மன் தோன்றுகிறார். சித்தூர்ப் பகுதியிலும் 1801இல் கும்பினி ஆட்சி வந்தபின், 1804-05இல் பாளையக்காரர்கள் கிளர்ந்தெழுந்து ஒடுக்கப்பட்டனர். அரசு ஆவணங்கள் அவர்களைக் கலகக்காரர் என்றன. நம் தேசிய வரலாறு வீரர் என்றது. கங்கம்மாவின் கதையோ அப்பாளையத்துள் வாழ்ந்த பெண்களின் பக்கம் நிற்கிறது. இக்கதையை இன்னார் காலத்து நிகழ்ச்சி எனக் காட்ட இயலாது. ஆயினும் அதிகாரத்தைக் கீழிருந்து கண்டோரின் நினைவு எவ்வகை ஆவணத்தில் தங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று அரிது.

திரைப்படம் இம்மரபுக்கு நன்றிக்கடன் பட்டது. சில இடங்களில் அதைச் செலுத்தவும் செய்கிறது. பெண்குழந்தை வேண்டுமெனப் புஷ்பா அம்மனிடம் இரப்பதும், அண்ணன் மகளைச் சீண்டியோரை அதே சேலையில் எதிர்ப்பதும் கதையின் நிழல்களே. ஆனால் திசை மாறிவிட்டது. ஜாத்திரையில் பெண்ணொருத்தி துரையாக வேடமிட்டு ஆணதிகாரத்தை வீழ்த்துகிறாள். படத்தில் ஆளும் ஆணொருவன் பெண்வேடமிட்டுத் தன் ஆற்றலைப் பெருக்கிக்கொள்கிறான். செம்மரக் கடத்தலின் தலைவனாக எல்லோரையும் பணியவைக்கும் அவன், கங்கம்மாவினும் அவள் தேடிய பாளெகாட்டையே ஒத்திருக்கிறான்.

விழா முடிவில் கோயில் முன் மண்ணால் சமைத்த அம்மனின் பெருமுகம் கலைக்கப்படுகிறது. அம்மண்ணைப் பெறப் பெருங்கூட்டம் முண்டுகிறது. பேருருவைக் காட்டிய அதே தெய்வம் பிடிமண்ணாகி வீடுதோறும் செல்கிறது. வெற்றியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் திரைநாயகனுக்கு எட்டாத முடிவு இது.