போரிபந்தரும் அதைச் சுற்றி வளர்ந்த ஊரும்

நமது இதழ் சென்று சேரும் நகரங்களில் பலவற்றில் இன்று ரயில்வே ஸ்டேஷனைச் சுற்றித் தகரத் தடுப்பு நிற்கிறது. 2023-ஆம் வருஷம் ஆகஸ்ட் 6-ஆம் தேதி 'அம்ரித் பாரத்' திட்டத்தின் கீழ் ஒரே நாளில் 508 ஸ்டேஷன்களுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பிறகு அந்தப் பட்டியல் ஆயிரத்து முந்நூறைத் தாண்டிவிட்டது. அதற்கு முன்பே, 2021-ல், காந்திநகரில் தண்டவாளத்துக்கு மேலேயே ஒரு நட்சத்திர ஹோட்டல் எழும்பியது. போபாலில் ஹபீப்கஞ்ச் ஸ்டேஷன் ராணி கமலாபதி என்ற பெயரில் விமான நிலையம் போலப் பளபளவென்று வந்து நின்றது. பார்த்தவர்கள் மெச்சுகிறார்கள். மெச்ச வேண்டியதுதான். ஆனால் ஸ்டேஷனோடு அதைச் சுற்றியுள்ள பேட்டையையும் சேர்த்து மாற்றியமைப்பது ஏதோ இப்போதுதான் பிறந்த யோசனை என்பதுபோலப் பேசுவதைக் கேட்கும்போது, ஒரு பழைய கதையை நினைவுபடுத்தலாம் என்று தோன்றுகிறது.

அது பம்பாய் போரிபந்தரின் கதை. விக்டோரியா டெர்மினஸ் என்றார்கள்; 1996-ல் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் ஆயிற்று; 2017-ல் 'மகராஜ்' சேர்ந்தது. வயதானவர்களுக்கு இன்னமும் வி.டி.தான். பெயர் எதுவானாலும், நம் குடும்பங்களில் எத்தனையோ தாத்தாக்கள் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஹோல்டால், யாரோ கொடுத்த சிபாரிசுக் கடிதம் ஆகியவற்றோடு வந்து இறங்கிய இடம் அது. இல்லையென்றால் அதற்குச் சில மைல் முன்னாலேயே தாதரில் இறங்கியிருப்பார்கள்.

அந்தப் பகுதியில் ஆதியில் இருந்தவர்கள் கோலிகள் என்னும் மீனவர்கள். அவர்கள் கும்பிட்ட மும்பாதேவியின் பழைய கோயில், இன்றைய ஸ்டேஷனை ஒட்டிய இடத்தில்தான் இருந்தது என்று அந்நகரின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் கோயில் அங்கிருந்து அகற்றப்பட்டு, அம்பாள் புலேஷ்வர் பக்கம் குடிபெயர்ந்தாள். ஊருக்கே பெயர் கொடுத்த தெய்வம்தான் அந்த இடத்தை முதலில் காலி செய்தது! அங்கிருந்த குளத்துக்குத் தூக்குமேடைக் குளம் என்று பொருள்படும் 'ஃபான்ஸி தலாவ்' என்ற பெயரும் இருந்தது. போரி என்றால் மூட்டை, பந்தர் என்றால் துறை. மூட்டைகள் வந்து இறங்கிய கடல்துறை, பிறகு மனிதர்கள் வந்து இறங்கும் துறையாயிற்று.

1853 ஏப்ரல் 16-ஆம் தேதி பிற்பகல், 21 குண்டுகள் முழங்க, சுமார் 400 விருந்தினர்களை 14 பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு, சாஹிப், சிந்த், சுல்தான் என்ற மூன்று எஞ்சின்கள் இழுக்க, தாணேக்கு முதல் பயணி ரயில் போனது இங்கிருந்துதான். தூரம் 34 கிலோமீட்டர். இது எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்ததே. அந்த நாளில் போரிபந்தரில் இருந்தது மரத்தாலான ஒரு சாதாரணக் கொட்டகை என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

கொட்டகை மாளிகையானதற்குக் காரணம் பருத்தி. 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரினால் லங்காஷயர் ஆலைகளுக்குப் பருத்தி கிடைக்காமல் போக, பம்பாயில் பணம் கொட்டியது. கவர்னர் பார்ட்டில் ஃப்ரேர், ஊரை நெருக்கிக்கொண்டிருந்த பழைய கோட்டைச் சுவர்களை இடித்துத் தள்ளினார். அகழி தூர்க்கப்பட்டது. கிடைத்த நிலத்தில் புதிய பம்பாய் எழுந்தது. 1869-ல் கிராஃபோர்ட் மார்க்கெட் வந்தது. 1878-ல் ஃப்ரெடரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ் என்ற இஞ்சினீயர் ஸ்டேஷன் வேலையைத் தொடங்கினார். பத்து வருஷ வேலை. விக்டோரியா ராணியின் பொன்விழா வருஷமான 1887-ல் ராணியின் பெயர் சூட்டப்பட்டது. 1888-ல் வேலை முடிந்தது. செலவு சுமார் 16 லட்சம் ரூபாய். எதிரே உள்ள மாநகராட்சிக் கட்டிடமும் அதே ஸ்டீவன்ஸ் கட்டியதுதான், 1893-ல் முடிந்தது. ஸ்டேஷனையொட்டிய பெரிய தபாலாபீஸ் 1913-ல் வந்தது. ஆக, ஸ்டேஷனும் சுற்றுப்புறமும் இன்று நாம் பார்க்கும் உருவத்தை அடைய கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஆயிற்று. ஸ்டீவன்ஸ் 1900-ல் பம்பாயிலேயே காலமானார். கட்டிடத்தை 2004-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

அடுத்த முறை அங்கே போகிறவர்கள், வண்டிக்கு அரை மணி முன்னால் போய்க் கட்டிடத்தை வெளியே நின்று பாருங்கள். வாசல் தூண்களின் மேல் ஒரு பக்கம் பிரிட்டனைக் குறிக்கும் சிங்கம், மறுபக்கம் இந்தியாவைக் குறிக்கும் புலி. கற்சிற்பங்களில் பலவும் ஜே.ஜே. கலைப்பள்ளி மாணவர்களின் கைவேலை. ரயில்வேயை முன்னின்று கொண்டுவந்த பெரியவர்களின் முகங்களை வட்டமாகச் செதுக்கியிருக்கிறார்கள். அவற்றுள் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயும் நானா ஜகந்நாத் சங்கர்ஷேட்டும் உண்டு. கடிகாரத்தின் கீழே நின்ற ராணியின் சிலைதான் சுதந்திரத்துக்குப் பிறகு இல்லாமல் போயிற்று.

இவ்வளவும் கல்லின் கதை. மனிதர்களின் கதை 1896 செப்டம்பரில் தொடங்குகிறது. துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில் பிளேக் வந்திருப்பதை டாக்டர் அகேஷியோ வியேகாஸ் கண்டுபிடித்தார். சில மாதங்களில் லட்சக்கணக்கானோர் ஊரை விட்டு ஓடினார்கள், பலரும் இதே ரயில்களில்தான். பயந்துபோன அரசாங்கம் 1898-ல் பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் என்ற அமைப்பை உண்டாக்கியது. காற்றும் வெளிச்சமும் வரவேண்டுமென்று நெரிசலான தெருக்களை உடைத்து அகல வீதிகள் போட்டார்கள். ஸான்ட்ஹர்ஸ்ட் ரோடும் பிரின்ஸஸ் ஸ்ட்ரீட்டும் அப்படி வந்தவையே. ஏழைகளின் வீடுகளில் இடித்தவை அதிகம், பதிலுக்குக் கட்டிக் கொடுத்தவை குறைவு. வீடு இழந்தவர்கள் பக்கத்துச் சந்துகளில் போய் இன்னும் நெருக்கியடித்துக்கொண்டார்கள். வியாதியை ஒழிக்க இடித்தது வியாதிக்கு வசதியாயிற்று என்று அக்காலத்திலேயே பேசப்பட்டது.

டிரஸ்டின் இன்னொரு வேலை வடக்கே. தாதர், மாதுங்கா, சயான் பகுதிகளில் வயலும் சதுப்பும் தோப்புமாக இருந்த நிலத்தை வாங்கி, ரயில் பாதையை ஒட்டி மனைகளாகப் பிரித்தார்கள். வட்டச் சாலை, பூங்கா, வீட்டுக்கு வீடு இடைவெளி என்று எல்லாம் காகிதத்தில் அழகாக இருந்தது. இருந்தும் வருஷக்கணக்கில் யாரும் குடிவர விரும்பவில்லை. ஊருக்கு வெளியே யார் போவது? 1925 பிப்ரவரி 3-ஆம் தேதி வி.டி.யிலிருந்து குர்லாவுக்கு நாட்டின் முதல் மின்சார ரயில் ஓடத் தொடங்கி, அடுத்தடுத்து மற்றத் தடங்களுக்கும் மின்சாரம் வந்தபின், கோட்டைப் பகுதி ஆபீஸுக்கு மாதுங்காவிலிருந்து தினமும் போய்வருவது கஷ்டமில்லை என்றாயிற்று.

அந்த இடத்துக்குப் போகத் தயாராக இருந்தவர்கள் நம்மவர்கள். சென்னைப் பக்கத்துப் பாதையும் பம்பாய்ப் பாதையும் 1871-லேயே ராய்ச்சூரில் இணைந்துவிட்டன. சுமார் 1,280 கிலோமீட்டர். தஞ்சாவூரிலும் பாலக்காட்டிலும் மெட்ரிகுலேஷனோ பி.ஏ.யோ முடித்து, டைப்பும் சுருக்கெழுத்தும் கற்று, நிலம் கைவிட்டுப் போன வீட்டுப் பிள்ளைகள் அந்தத் தடத்தில் வந்தார்கள். ரயில்வேயிலும் வங்கிகளிலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளிலும் குமாஸ்தாவாகச் சேர்ந்தார்கள்.

நிகில் ராவ் 2013-ல் வெளியிட்ட 'ஹவுஸ், பட் நோ கார்டன்' என்ற ஆங்கில நூல் இதைப் பற்றித்தான் பேசுகிறது. அவர் பிடித்துக்காட்டும் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. சால் வீடுகளில் கழிவறை பொது, வராந்தாக் கோடியில். வீட்டுக்குள்ளேயே சமையலறை, குளியலறை, கழிவறை எல்லாம் அடங்கிய 'ஃபிளாட்' என்ற புதிய வகை வீடு பரவிய இடங்களில் மாதுங்கா முக்கியமானது. கிராமத்தில் கழிப்பிடம் கொல்லைக்கும் அப்பால் இருக்க வேண்டும் என்று வளர்ந்தவர்கள், அதை அடுக்களையிலிருந்து பத்தடி தூரத்தில் ஏற்றுக்கொண்டார்கள். ஊரார் எல்லோருடனும் ஒன்றைப் பங்குபோடுவதைவிட, நம் வீட்டுக்குள் நமக்கென்று ஒன்று இருப்பது மேல் என்று மடிசார்ப் பாட்டிமார் முடிவுகட்டியிருக்க வேண்டும். ஆசாரத்தைக் கெடுத்தது நகரம் என்கிறோம். இங்கே நகரத்து வீட்டின் அமைப்பை நிர்ணயித்ததில் ஆசாரத்துக்கும் பங்கு உண்டு!

வீடு வந்தபின் மற்றவை வந்தன. 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் பள்ளிக்கூடம் தொடங்கியது. கோயில்கள், பஜனை, பூக்கடை, வாழையிலைக் கடை, காப்பிப்பொடிக் கடை என்று ஒரு சின்னக் கும்பகோணமே எழுந்தது. பிரம்மசாரிக் குமாஸ்தாக்களுக்காக ஸ்டேஷனுக்குப் பக்கத்து மாடியில் 1942-ல் ஏ. ராம நாயக் தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண போர்டிங்கைத் தெரியாத பம்பாய்த் தமிழர் இருக்கமாட்டார். இத்தனையும் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில் என்பதைக் கவனிக்க வேண்டும். சங்கீத சபையானாலும் கறிகாய்க் கடையானாலும், ஆபீஸ் விட்டு வண்டியிலிருந்து இறங்குகிறவன் நடக்கும் வழியைப் பார்த்தே அமைந்தது.

அதே மதராஸ் மெயிலில் வந்து, தண்டவாளத்துக்கு மறுபுறம் குடியேறிய தமிழர்களும் உண்டு. தோல் பதனிடும் தொழிலுக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் தாராவியில் இருந்தார்கள். அவர்களுக்கு டிரஸ்ட் மனை பிரித்துக் கொடுக்கவில்லை. சதுப்பைத் தாங்களே தூர்த்துக் குடிசை போட்டார்கள். நம் ஆட்கள் எழுதும் பம்பாய் நினைவுக் கட்டுரைகளில் மாதுங்கா நிறைய வருகிறது, தாராவி வருவதில்லை. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு ரயில் பாதைதான்.

இப்போது அந்தப் பாதையின் இரு பக்கமும் மறுபடி இடிபடுகின்றன. மாதுங்காவில் டிரஸ்ட் காலத்து மூன்று மாடி வீடுகள் ஒவ்வொன்றாகக் கோபுரங்களாகின்றன. தாராவித் திட்டத்துக்காக மாதுங்காவை ஒட்டிய ரயில்வே நிலத்திலும் ஒரு பகுதி கொடுக்கப்பட்டிருக்கிறது. தாராவியிலேயே இலவச வீடு யாருக்கு என்பதற்கு ஒரு தேதி வைத்திருக்கிறார்கள்: 2000 ஜனவரி 1. அதற்கு முன்பே தரைத்தளத்தில் இருந்ததற்குக் காகிதம் காட்டினால் அங்கேயே வீடு. மற்றவர்களுக்கு வேறெங்கோ, வேறு நிபந்தனைகளில். ஒரு பழைய ரசீதுதான் ஒரு குடும்பம் எங்கே வாழும் என்பதைத் தீர்மானிக்கப் போகிறது. மாதுங்கா ஸ்டேஷனும் அம்ரித் பாரத்தில் சேர்ந்து 2025 மே 22-ஆம் தேதி திறக்கப்பட்ட 103 ஸ்டேஷன்களுள் ஒன்றாயிற்று.

வி.டி.யைப் பொறுத்தவரை, 2022 செப்டம்பர் 28-ஆம் தேதி மத்திய அமைச்சரவை புதுதில்லி, அகமதாபாத், வி.டி. மூன்றுக்குமாகச் சேர்த்துச் சுமார் 10,000 கோடி ரூபாயில் திட்டத்தை ஏற்றது. 2023-ல் வி.டி. வேலை மட்டும் சுமார் 2,450 கோடிக்கு ஒப்படைக்கப்பட்டது. ஸ்டீவன்ஸின் கட்டிடத்தைத் தொடமாட்டோம், சுற்றியுள்ள பிற்காலக் கட்டிடங்களை மாற்றி அமைப்போம் என்கிறார்கள். தண்டவாளங்களுக்கு மேல் அகன்ற தளம், அதில் கடைகளும் காத்திருக்கும் இடமும், வருவோருக்கும் போவோருக்கும் தனித்தனி வழி. 2025 அக்டோபரில் மெட்ரோ மூன்றாம் தடமும் அங்கே வந்துவிட்டது. பாரம்பரியக் கட்டிடத்தைக் காப்பதில் எனக்கு முழு சந்தோஷம். தளத்தின் மேல் காப்பிக் கடை வருவதிலும் ஆட்சேபணை இல்லை.

ஆனால் என் கண் படிக்கட்டின் அகலத்தில்தான் போய் நிற்கிறது. 2017 செப்டம்பர் 29-ஆம் தேதி காலை, எல்ஃபின்ஸ்டன் ரோடு ஸ்டேஷனின் குறுகிய நடைபாலத்தில் மழைக்கு ஒதுங்கிய கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 23 பேர் இறந்தார்கள். ஆலைகள் இருந்த பகுதி ஆபீஸ் கோபுரங்களாக மாறி வருஷங்கள் ஆகியிருந்தன. பாலம் மட்டும் ஆலைக் காலத்து அளவிலேயே இருந்தது. ராணுவத்தை வரவழைத்துப் புதுப்பாலம் போட்டார்கள். 2019 மார்ச் 14-ஆம் தேதி வி.டி.க்கு வெளியிலேயே, சாலையைக் கடக்கும் ஹிமாலயா நடைபாலத்தின் தளம் மாலை வேளையில் இடிந்து விழுந்து உயிர்கள் போயின. அது ஸ்டேஷன் எல்லைக்கு வெளியே, மாநகராட்சியின் பொறுப்பில் இருந்தது. புதிய பாலம் வர 2023 ஆயிற்று. ரயிலை விட்டு இறங்கியவன் வீடு போய்ச் சேரும்வரை ஒரே வழியில்தான் நடக்கிறான். அந்த வழியின் நடுவே ஓர் இலாகாவின் எல்லை முடிந்து இன்னொன்றின் எல்லை தொடங்குவது அவனுக்கு எப்படித் தெரியும்? இந்த இடைவெளியைத் திட்டம் எப்படி அடைக்கிறது என்பதை, எந்த ஊர் ஸ்டேஷனானாலும், முதலில் கேட்க வேண்டும். படங்களில் அது தெரியாது. படங்களில் கூட்டமே இருப்பதில்லை.

மும்பையிலும் மற்ற ஊர்களிலும் உள்ள அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். பழைய வீட்டைக் காலி செய்யும்போது பரணில் கிடைக்கும் காகிதங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 1930, 40-களின் வாடகை ரசீது, சீசன் டிக்கெட், மெஸ் கணக்கு நோட்டு, ஊரிலிருந்து வந்த கார்டில் எழுதிய விலாசம், எதுவானாலும் சரி. ஒரு நகல் எடுத்து, எந்தத் தெரு, எந்த மாடி, எந்த வருஷம் என்ற குறிப்போடு ஆசிரியருக்கு அனுப்பினால், அடுத்த இதழ்களில் ஸ்டேஷன் வாரியாகத் தொகுத்துத் தருகிறேன். தாதர், மாதுங்காவோடு நிறுத்த உத்தேசமில்லை. கரோல்பாக், ஜம்ஷெட்பூர், கரக்பூர், நாக்பூர்க்காரர்களும் எழுதலாம்.