கருத்தடை: சொல்லும் உரிமையும்

ஒரு சொல்லின் வரலாறு சமுதாயத்தின் வரலாறாதலும் உண்டு. 1930-இல் பெரியார் ஈ.வெ.ரா. 'குடி அரசு' இதழில் கர்ப்பத்தடை பற்றி எழுதினார். பிறர் தாயின் உடல்நலமும் நாட்டின் வறுமையும் கருதி அதனை வேண்டினர். அவரோ பெண்ணின் விடுதலை கருதியே வேண்டினார். ஈண்டு உரிமைக்கு நிலைக்களன் பெண்ணே, குடும்பம் அன்று.

1952-இல் நடுவணரசு மக்கட்பெருக்கத்தைக் கருத்திற் கொண்டு தேசியத் திட்டம் வகுத்தது. அதன்பின் 'குடும்பக் கட்டுப்பாடு' என்னும் தொடர் ஊர்தோறும் பரவிற்று. குடும்பம் என்னும் அடைமொழி மணமானோரையே சுட்டி நின்றமையால், மணமாகாத இளையோர் அதன் எல்லைக்குப் புறத்தே நின்றனர். சட்டமும் இவ்வழியே சென்றது. கருத்தடை முறை பயனற்றுப் போனமையைக் கருக்கலைப்புக்குரிய காரணமாக ஏற்ற 1971-ஆம் ஆண்டுச் சட்டம், 'மணமான பெண்', 'கணவர்' என்னும் சொற்களையே ஆண்டது. 2021-ஆம் ஆண்டுத் திருத்தமே அவற்றை நீக்கி, 'எந்தப் பெண்ணும்', 'துணைவர்' என அமைத்தது. அரை நூற்றாண்டு இடைவெளி அது.

ஆயினும், அரசுத் துறையின் பெயரில் 'குடும்பநலம்' இன்றும் நிலைபெற்றுள்ளது. மணமாகாத இளம்பெண் ஒருத்தி அறிவுரை நாடி மருத்துவமனை வாயிலில் நிற்கும்போது அவளைத் தயங்கச் செய்வனவற்றுள் இச்சொல்லும் ஒன்று எனல் மிகையாகாது. சட்டத்தில் மாறிய சொல் வழக்கிலும் மாறுதல் வேண்டும்.